1957-இல் கட்டிய வீடு, மாடி பாத்ரூமில் வெந்நீர் வர 2 நிமிடம்: சுழற்சி பம்ப் போடலாமா?

எடிசன்வாசி
சனி, காலை 9:40

வணக்கம். நியூஜெர்சி எடிசனில் 1957-இல் கட்டிய மாடி வீடு ஒன்றைப் போன வருடம் வாங்கினோம். வாட்டர் ஹீட்டர் பேஸ்மென்ட்டில், வீட்டின் முன்பக்க மூலையில் இருக்கிறது. நாங்கள் புழங்கும் பாத்ரூம் மாடியில், பின்பக்கக் கடைசியில். காலையில் வாஷ்பேசினில் வெந்நீர்க் குழாயைத் திறந்தால் சூடு கையில் படுவதற்கு 1 நிமிடம் 50 விநாடி ஆகிறது. மூன்று நாள் கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டேன். அதுவரை வரும் தண்ணீரைப் பிடித்து அளந்தால் 2 கேலனுக்குக் கொஞ்சம் மேல்.

ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். பரமக்குடிப் பக்கம் வளர்ந்தவர், குடம் தூக்கி நடந்தவர். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போவதை அவரால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு முறையும் பக்கெட்டில் பிடித்து, மாடிப்படி இறங்கிக் கொண்டுவந்து சமையலறையில் பாத்திரம் கழுவ வைக்கிறார். வயது 71. ஒரு நாள் படியில் தண்ணீர் சிந்தி வழுக்கிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே இதற்கு ஒரு வழி பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

கடையில் ஒரு செட் பார்த்தேன். ஹீட்டரின் மேலே ஒரு பம்ப், பாத்ரூம் சிங்க்குக்கு அடியில் வெந்நீர்ப் பைப்பையும் குளிர்நீர்ப் பைப்பையும் இணைக்கும் ஒரு வால்வு. பைப்பில் ஆறிப்போன தண்ணீரை அந்த வால்வு குளிர்நீர்ப் பைப் வழியாக ஹீட்டருக்கே திருப்பி அனுப்பிவிடும். சுவரை உடைக்க வேண்டாம், அரை நாள் வேலை என்கிறார்கள். வீட்டில் 4 மாதக் குழந்தை இருப்பதால் தூசி கிளப்பும் வேலை வேண்டாம் என்று பார்க்கிறேன். இதை வாங்கலாமா? பழைய வீட்டில் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


ஸ்காபரோ பிளம்பர்
சனி, காலை 11:15

தம்பி, வாங்குவதற்கு முன் ஒரு டோர்ச் லைற்றும் ஒரு காந்தமும் எடுத்துக்கொண்டு பேஸ்மென்றுக்குள் இறங்குங்கள். ரொறன்ரோவில் 22 வருடமாக இந்த வேலைதான் செய்கிறேன். பழைய வீடு என்றால் பம்பைப் பற்றிக் கடைசியாகத்தான் யோசிப்பேன். முதலில் பைப் என்ன பைப், எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

பைப்பின் மேல்தோலை மெதுவாகச் சுரண்டுங்கள். சிவந்த நிறம் என்றால் செம்பு. சாம்பல் நிறமாக இருந்து காந்தம் ஒட்டினால் நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பு. காந்தம் ஒட்டாமல், சுரண்டிய இடம் வெள்ளிபோல் மின்னி, நகம் பதிகிற மெதுமையாக இருந்தால் ஈயம். வீதியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிற இடத்தில் இதைக் கட்டாயம் வடிவாகப் பாருங்கள்.

அடுத்தது, ஹீற்றரில் எத்தனை பைப் பொருத்தியிருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டுதான் இருக்க வேண்டும். அடிப்பக்க வடிகால் குழாயோடு மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்திருந்தால், அந்தக் காலத்திலேயே யாரோ திரும்பு பைப், அதாவது ஆறிய தண்ணீரை ஹீற்றருக்கே திருப்பிக் கொண்டுவரும் தனிப் பைப், போட்டு வைத்திருக்கிறார்கள். பேஸ்மென்றில் ஹீற்றர் இருக்கும் வீட்டில் பம்ப் இல்லாமலே இது ஓடும். சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறியது கனத்துக் கீழே இறங்கும். இடையில் யாரோ வால்வைப் பூட்டி விட்டிருப்பார்கள், அடுத்து வந்தவருக்குத் தெரிந்திராது. அப்படி இரண்டு வீடு பார்த்திருக்கிறேன்.

மீற்றருக்குப் பக்கத்தில் செக் வால்வ் (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போகவிடுவது) இருக்கிறதா, ஹீற்றருக்கு மேல் விரிவுத் தாங்கி (சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் தரும் சிறு தொட்டி) இருக்கிறதா, அதையும் பாருங்கள்.


டெக்சாஸ் தமிழச்சி
சனி, மதியம் 1:05

நீங்கள் சொல்லும் அதே செட் எங்கள் வீட்டில் 4 வருடமாக ஓடுகிறது. எங்களுடையது 1978 வீடு, பேஸ்மென்ட் கிடையாது, பைப் எல்லாம் கான்கிரீட் தரைக்கு அடியில். திரும்பு பைப்புக்கு வழியே இல்லாததால் இதைத்தான் போட முடிந்தது.

நல்லதை முதலில் சொல்கிறேன். வெந்நீர் 5 விநாடியில் வருகிறது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் போட்டவர் பம்பை 24 மணி நேரமும் ஓடவிட்டுப் போய்விட்டார். முதல் மாத எரிவாயு பில்லைப் பார்த்ததும் பகீரென்றது. கோடையில் சமையலுக்கும் வெந்நீருக்கும் சேர்த்து வழக்கமாக 14 தெர்ம் (பில்லில் எரிவாயுவைக் கணக்கிடும் அலகு) ஆகும், அந்த மாதம் 21. பைப் முழுக்கச் சூடாகவே இருந்தால் அந்தச் சூட்டைத் தரையும் சுவரும் இழுத்துக்கொண்டே இருக்கும், ஹீட்டர் அதற்கு ஈடுகொடுத்து எரிந்துகொண்டே இருக்கும் என்று பிறகுதான் புரிந்தது. இப்போது டைமரில் காலை 6 முதல் 8 வரையும் இரவு 8 முதல் 10 வரையும் மட்டும். பில் பழைய நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

இன்னொன்று, குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் முதலில் வெதுவெதுவென்றுதான் வரும். பல் தேய்க்கும்போது பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். அந்த வால்வு 100 டிகிரி பாரன்ஹீட்டை நெருங்கினால்தான் மூடும், அதுவரை வெதுவெதுப்பான தண்ணீர் குளிர்நீர்ப் பைப்புக்குள் போய்க்கொண்டே இருக்கும்.


எடிசன்வாசி
சனி, மாலை 5:30

அண்ணா, நீங்கள் சொன்னபடி முழுக்கப் பார்த்தேன். நன்றி அக்கா, டைமர் விஷயம் குறித்துக்கொண்டேன்.

ஹீட்டரில் இரண்டே பைப்தான். வெந்நீர்ப் பைப் செம்பு. முக்கால் அங்குலத்தில் பேஸ்மென்ட் கூரையை ஒட்டி சுமார் 40 அடி ஓடி, பிறகு அரை அங்குலமாகச் சுருங்கி மேலே ஏறுகிறது. மாடி வரை இன்னும் 30 அடி இருக்கும். முக்கால் அங்குலச் செம்புப் பைப் அடிக்கு 0.025 கேலனும் அரை அங்குலம் 0.012 கேலனும் கொள்ளும் என்று கணக்குப் போட்டால் 1.4 கேலன்கூட வரவில்லை. ஆனால் நான் பக்கெட்டில் பிடித்தது 2.2. மீதி எங்கிருந்து வருகிறது?

இரண்டு விஷயம் கவலையாக இருக்கிறது. தெருவிலிருந்து சுவர் வழியாக உள்ளே வரும் பைப்பில் காந்தம் ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து சமையலறைக்குப் போகும் குளிர்நீர்ப் பைப்பும் ஏறக்குறைய 12 அடிக்கு இரும்புதான். அப்புறம், வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் பைப்களில் வெள்ளையாக, அட்டைபோல் மடிப்பு மடிப்பாக ஏதோ சுற்றியிருக்கிறது, ஓர் இடத்தில் கிழிந்தும் தொங்குகிறது. வெந்நீர்ப் பைப்புக்கு நுரை உறை போடும்போது இதையும் பிய்த்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று இருக்கிறேன்.


நீர்த்தரப் பொறியாளர்
சனி, மாலை 6:02

தயவுசெய்து அந்த வெள்ளைச் சுற்றைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

அந்தக் கால வீடுகளில் பாய்லர் பைப்பில் அட்டை மடிப்பு போன்ற வெள்ளை உறை இருந்தால், சோதித்துப் பார்க்கும்வரை அதைக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முழுதாக, யாரும் அசைக்காமல் இருந்தால் பெரிய ஆபத்தில்லை. பிய்த்தால் இழைகள் காற்றில் பறக்கும், நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. உங்களுடையது கிழிந்து தொங்குகிறது என்கிறீர்கள். உரிமம் பெற்ற ஆளை வைத்துப் பார்த்துவிடுங்கள். அதுவரை அந்தப் பக்கம் பெருக்காதீர்கள், குழந்தையின் துணியை அங்கே உலர்த்தாதீர்கள். சுவரில் துளை போடுவதானாலும் யோசித்துச் செய்யுங்கள். 1978-க்கு முன் கட்டிய வீடு என்பதால் பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும்.

இனி தண்ணீர். பென்சில்வேனியாவில் குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். செம்புப் பைப்களை ஒட்டும் பற்றாசில் ஈயம் சேர்ப்பதை அமெரிக்காவில் 1986-இல்தான் தடை செய்தார்கள். 1957 வீட்டின் செம்பு இணைப்புகளில் ஈயம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீர் ஈயத்தைக் குளிர்ந்த தண்ணீரைவிட அதிகம் கரைக்கும். குடிக்கவும் சமைக்கவும், முக்கியமாகக் குழந்தைக்குப் பால் கலக்கவும், குளிர்நீர்க் குழாயை மட்டும் பயன்படுத்துங்கள் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது நீங்கள் வாங்க நினைக்கும் வால்வு என்ன செய்யும் என்று பாருங்கள். வெந்நீர்ப் பைப்பில் ஆறிக் கிடந்த தண்ணீரைக் குளிர்நீர்ப் பைப்புக்குள் தள்ளுகிறது. வீட்டின் பைப் அமைப்பைப் பொறுத்து அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சமையலறைக் குழாய் வரைக்கும் வரலாம். பெரியவர்கள் மட்டும் இருக்கும் புதிய வீட்டில் நான் இவ்வளவு சொல்லமாட்டேன். பால் பவுடர் கலக்கும் வீட்டில், பழைய பற்றாசும் இரும்புப் பைப்பும் உள்ள வீட்டில், இதை நான் போடமாட்டேன்.

தெரு இணைப்பு இரும்பு என்றால் உடனே உங்கள் குடிநீர் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். ஈய இணைப்புகளை 10 வருடத்துக்குள் மாற்ற வேண்டும் என்று நியூஜெர்சியில் 2021-இல் சட்டம் வந்தது. நாகம் பூசிய இரும்பையும் அந்தச் சட்டம் ஈய இணைப்பாகவே கணக்கில் எடுக்கிறது. உங்கள் வீடு அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை சமையலறையில் ஈயத்தை நீக்கும் சான்று பெற்ற ஃபில்டர் ஒன்று மாட்டுங்கள். என்எஸ்எஃப் 53 என்ற ஃபில்டர் தரச்சான்று எண் எழுதி, ஈயத்துக்கு என்று குறிப்பிட்டும் இருக்க வேண்டும்.


எடிசன்வாசி
சனி, மாலை 6:20

கையில் கத்தியோடுதான் இருந்தேன் மேடம். கீழே வைத்துவிட்டேன். மனமார்ந்த நன்றி. திங்கள்கிழமை இரண்டு இடத்துக்கும் போன் செய்கிறேன்.


ஸ்காபரோ பிளம்பர்
ஞாயிறு, காலை 8:50

அந்தப் பொறியாளர் பிள்ளை சொன்னது அத்தனையும் சரி. நானும் அதையே சொல்ல இருந்தேன்.

முதலில் உங்கள் 2.2 கேலன் கணக்கு. பைப்பில் நின்ற தண்ணீர் மட்டும் வெளியே வந்தால் போதாது தம்பி. பைப்பும் குளிர்ந்து கிடக்கிறது. புதிதாக வருகிற சுடுதண்ணீர் போகிற வழியெல்லாம் செம்பைச் சூடாக்கிக்கொண்டுதான் வரும். அதனால் பைப் கொள்ளும் அளவைப்போல் ஒன்றரை மடங்கு ஓடினால்தான் கையில் சூடு படும். உங்கள் கணக்குப் பிழையில்லை.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை தனித் திரும்பு பைப். சுவர் உடைக்க வேண்டுமே என்று பயப்படுவீர்கள். அந்தக் கால வீட்டில் மாடிப் பாத்ரூமிலிருந்து கூரைக்குப் போகிற வார்ப்பிரும்புக் காற்றுக் குழாய் ஒன்று இருக்கும். அது பேஸ்மென்ற் வரைக்கும் ஒரே நேராக இறங்கும். அதைச் சுற்றித் தச்சர்கள் தாராளமாக இடம் விட்டுத்தான் வெட்டியிருப்பார்கள். குளிதொட்டிக்குப் பின்னால் சிறு கதவு இருந்தால் அதைத் திறந்து, ஒரு நூலில் கனமான நட்டைக் கட்டி இறக்கிப் பாருங்கள். பேஸ்மென்றில் நட் தட்டுப்பட்டால் உங்களுக்கு வழி கிடைத்துவிட்டது. அரை அங்குலப் பெக்ஸ் பைப்பை (வளையும் பிளாஸ்டிக் பைப்) அதே நூலில் கட்டி இழுக்கலாம்.

பெக்ஸ் வாங்கும்போது மேலே அச்சடித்திருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 5106, 5306 என்று இருக்கும். முதல் இலக்கம் 5 ஆக இருக்க வேண்டும். குளோரின் கலந்த 140 டிகிரித் தண்ணீர் நாள் முழுக்க ஓடினாலும் தாங்கும் என்று அதற்குப் பொருள். 3 என்றால் பாதி நேரம், 1 என்றால் கால்வாசி நேரம்தான். விலை குறைவு என்று 1-ஐ எடுத்துச் சுவருக்குள் விடாதீர்கள்.

பம்பின் உடல் துருப்பிடிக்காத எஃகு அல்லது வெண்கலம். உங்கள் பாய்லருக்கு இருப்பதைப்போல் வார்ப்பிரும்புப் பம்ப் ஒன்று பேஸ்மென்றில் சும்மா கிடந்தாலும் அதை இதற்குப் போடக்கூடாது. அது மூடிய சுற்றுக்கு உரியது. புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் இடத்தில் துருப்பிடிக்கும், குழாயில் சிவப்பாகத் தண்ணீர் வரும்.

பெரிய பம்பும் வேண்டாம். செம்புப் பைப்பில் சுடுதண்ணீர் விநாடிக்கு 5 அடிக்கு மேல் ஓடக்கூடாது. அரை அங்குலத்தில் அது நிமிடத்துக்கு மூன்றரைக் கேலன் அளவுதான். அதைத் தாண்டினால் முழங்கை வளைவுகளில் செம்பு உள்ளிருந்து அரிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஊசி ஓட்டை விழுந்து, சுவர் நனைந்த பிறகுதான் தெரியவரும். அப்படி ஒரு வீட்டில் மூன்று முழங்கை மாற்றினேன். அவர்கள் போட்டிருந்தது ஒரு கட்டிடத்துக்கே போதுமான பம்ப்.

ஓட்டுவதற்குப் பொத்தான் முறை வையுங்கள். பாத்ரூமில் பொத்தானை அமத்தினால் பம்ப் ஓடும், திரும்பு பைப்பில் சூடு வந்ததை உணர்ந்ததும் தானே நிற்கும். நாளைக்கு எட்டுப் பத்து நிமிடம்தான் ஓடும். மின்சாரமும் இல்லை, வாயுவும் இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் செலவு.


டெக்சாஸ் தமிழச்சி
ஞாயிறு, காலை 10:30

அண்ணா, எனக்கும் ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் திரும்பு பைப்புக்கு வழியில்லை. இந்தப் பொத்தான் முறை எனக்கு உதவுமா?


ஸ்காபரோ பிளம்பர்
ஞாயிறு, காலை 10:55

ஓம் தங்கச்சி, உங்களுக்குத்தான் கூடுதலாக உதவும். அதே இரண்டு பைப்பில் சிங்க்குக்கு அடியில் வைக்கிற பம்ப் இருக்கிறது. தண்ணீரின் சூடு சில டிகிரி ஏறத் தொடங்கியதுமே நின்றுவிடும், 100 டிகிரி வரை காத்திருக்காது. குளிர்நீர்ப் பைப்புக்குள் வெதுவெதுப்பு போவது மிகக் குறைவு. சிங்க்குக்கு அடியில் பிளக் பொயின்ற் வேண்டும். கசிவு மின்சாரம் பட்டால் உடனே துண்டிக்கிற வகைப் பிளக்காக இருக்கட்டும். பழைய வீடுகளில் அது இருக்காது, மின்காரரைக் கூப்பிட வேண்டிவரும்.


கோவை சோலார்
ஞாயிறு, இரவு 9:10

இந்தப் பிரச்சினை இங்கேயும் இருக்கிறது, அதனால் ஆர்வமாகப் படித்தேன். எங்களுக்கு மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர். கீழ்வீட்டுப் பாத்ரூமுக்குச் சூடு வருவதற்குள் முக்கால் பக்கெட் போய்விடும். பேஸ்மென்ட் ஹீட்டரில் பம்ப் இல்லாமலே ஓடும் என்றீர்களே, மாடியில் தொட்டி இருந்தாலும் அப்படி ஓடுமா?


ஸ்காபரோ பிளம்பர்
ஞாயிறு, இரவு 9:45

ஓடாது ஐயா. உங்கள் தொட்டி மேலே இருக்கிறது. சூடு மேலேயே நின்றுவிடும், ஆறிய தண்ணீர் கனத்துக் கீழே தங்கிவிடும். அதை மேலே தூக்க ஒரு சின்னப் பம்ப் வேண்டும். திரும்பு பைப் போட்டால் பைப் முழுவதற்கும் உறை போடுங்கள். உறை இல்லாமல் பம்ப் மட்டும் போட்டால், பகலில் சேர்த்த சூட்டை இரவில் சுவருக்குக் கொடுப்பதற்குச் சமம்.


எடிசன்வாசி
5 வாரம் கழித்து, ஞாயிறு

வேலை முடிந்தது. இந்த இழையைப் பின்னால் படிப்பவர்களுக்காக விவரமாக எழுதுகிறேன்.

வெள்ளைச் சுற்றைச் சோதித்தார்கள், கல்நார்தான். கிழிந்திருந்த 6 அடியை உரிமம் பெற்றவர்கள் அறையை மூடிவைத்து எடுத்தார்கள், மீதியை அப்படியே உறையிட்டு அடைத்தார்கள். செலவு சுழற்சி அமைப்பைவிட அதிகம்தான். மேடம் அன்றைக்கு எழுதியிருக்காவிட்டால் நான் அந்தச் சனிக்கிழமை இரவே பிய்த்திருப்பேன், பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இதை நினைக்காமல் ஒரு நாளும் போகவில்லை.

தெரு இணைப்பு குடிநீர் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது, வசந்தத்தில் மாற்ற வருகிறார்கள். அதுவரை சமையலறையில் ஃபில்டர். பால் கலக்க அந்தத் தண்ணீர் மட்டும்தான்.

நட்டைக் கட்டி நூலை இறக்கினேன் அண்ணா. இரண்டு முறை எங்கோ மாட்டிக்கொண்டது, மூன்றாவது முறை பேஸ்மென்ட்டில் மனைவி "வந்துடுச்சு" என்று கத்தினார். ஒரு சுவர்கூட உடைக்கவில்லை. நகராட்சியில் அனுமதி வாங்கி, உரிமம் பெற்ற பிளம்பரை வைத்துச் செய்தேன். ஆய்வுக்கு வந்தவர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். காற்றுக் குழாயைச் சுற்றியிருந்த இடைவெளி, தீப்பிடித்தால் புகையும் நெருப்பும் மேலே ஏறப் புகைபோக்கிபோல் ஆகிவிடுமாம். பைப் போட்ட பிறகு ஒவ்வொரு தளத்திலும் அதைத் தீ தாங்கும் பசையால் அடைக்கச் சொன்னார், அடைத்தோம். மீட்டரில் செக் வால்வு இருந்தது, விரிவுத் தொட்டி இல்லை. ஹீட்டரில் தண்ணீர் சூடாகி விரியும்போது போக இடமில்லாமல் இவ்வளவு நாள் அழுத்தம் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் மாட்டியாயிற்று. முக்கால் அங்குலப் பைப் 40 அடிக்கும் நுரை உறை போட்டேன்.

பொத்தானை அமுக்கினால் பம்ப் ஏறக்குறைய 50 விநாடி ஓடி நிற்கிறது. அதன் பிறகு குழாயைத் திறந்தால் 4 விநாடியில் சூடு. அம்மா காலையில் எழுந்ததும் பொத்தானை அமுக்கிவிட்டுப் பல் தேய்க்கும் பொடியை எடுக்கிறார். பக்கெட் பால்கனிக்குப் போய்விட்டது, கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில்.

ஒரு சந்தேகம் மட்டும். ஹீட்டரை 120-லேயே வைக்கலாமா, ஏற்ற வேண்டுமா?


நீர்த்தரப் பொறியாளர்
ஞாயிறு, மதியம் 2:20

உங்கள் பதிவைப் படித்து மிகவும் மகிழ்ச்சி. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி 77 முதல் 113 டிகிரி பாரன்ஹீட் வரையுள்ள தண்ணீரில் நன்றாக வளரும். எந்தப் பைப்பிலும் வெதுவெதுப்பான தண்ணீர் நாட்கணக்கில் தேங்கக்கூடாது. ஹீட்டரை 140-இல் வைப்பது கிருமிக்கு எதிராகப் பாதுகாப்பு, ஆனால் அந்தச் சூட்டில் 5 விநாடியில் தோல் வெந்துவிடும். குழந்தையும் வயதானவரும் இருக்கும் வீடு. ஹீட்டர் வாயில், வெந்நீரோடு குளிர்நீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் கலப்பு வால்வு மாட்டி, குழாய்க்கு 120 போகும்படி செய்தால் மட்டும் 140-க்கு ஏற்றுங்கள். திரும்பு பைப் இருக்கும்போது கலப்பு வால்வை எப்படி இணைப்பது என்பதில் ஒரு முறை இருக்கிறது, பிளம்பரைக் கேட்டுச் செய்யுங்கள். அதுவரை 120-லேயே இருக்கட்டும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் எல்லாக் குழாயையும் சில நிமிடம் திறந்து ஓடவிடுங்கள்.


ஸ்காபரோ பிளம்பர்
ஞாயிறு, மாலை 4:00

நல்ல வேலை தம்பி. ஒன்றே ஒன்று பார்த்துவிடுங்கள். இரவு எல்லாரும் படுத்து இரண்டு மணி நேரம் கழித்து, பம்ப் ஓடாத நேரத்தில், ஹீற்றருக்குப் பக்கத்தில் திரும்பு பைப்பைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் திரும்பு பைப்பின் செக் வால்வ் சரியாக மூடவில்லை. நான் முதலில் சொன்னதுபோல் சுடுதண்ணீர் தானாகவே மேலே ஏறிச் சுற்றிக்கொண்டிருக்கும், வாயு பில் ஏறும், பம்பில் பிழை என்று நினைப்பீர்கள். வில் (ஸ்பிரிங்) வைத்த செக் வால்வாக இருந்தால் பயமில்லை.


எடிசன்வாசி
திங்கள், அதிகாலை 12:40

தொட்டுப் பார்த்தேன் அண்ணா. பேஸ்மென்ட் சுவரைப்போல ஜில்லென்று இருக்கிறது. வில் வைத்ததுதான் என்று பில்லிலும் போட்டிருக்கிறது.